மாயத் தறியும் மிதக்கும் மனிதனும்

ஆரணியில் பட்டு நெய்யும் இல்லத்தினுள் நுழைந்தால் தறியின் மேல் ஜக்கார்டு பெட்டி தென்படும். துளையிட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக அதில் நகரும். எப்பாவிழை எழவேண்டும், எது தாழவேண்டும் என்பதை அத்துளைகளே தீர்மானிக்கின்றன. நாடா குறுக்கே ஓட ஓடச் சேலையில் புட்டா பூக்கிறது. ஆயினும் பூத்ததைத் தறி காண்பதில்லை, நெய்பவரே காண்கிறார்.

மனித மூளையை விளக்க வந்த சார்ல்ஸ் ஷெரிங்டனும் தறியையே உவமை கொண்டார். நரம்பாராய்ச்சிக்காக 1932இல் நோபல் பரிசு பெற்ற ஆங்கில அறிஞர் அவர். துயில் நீங்கி எழும் மூளையை மாயத் தறியென வருணித்தார். ஆனால் நரம்பின் ஓட்டம் எண்ணமாக மாறுவது எங்ஙனம் என்பதற்கு அவரிடமும் விடையில்லை. அத்தறியில் நெய்யப்படுவதைக் காண்பவர் யார்?

இவ்வினா நம் முன்னோர்க்குப் புதிதன்று. கி.பி. 980 முதல் 1037 வரை வாழ்ந்த இப்னு ஸீனா, தம் ‘கிதாபுஷ் ஷிஃபா’வில் ஒரு மனிதனைக் கற்பனை செய்யுமாறு கூறினார். முழு வளர்ச்சியோடு ஒரே கணத்தில் படைக்கப்பட்டு, கண்கள் மறைக்கப்பட்டு, வெட்டவெளியில் மிதக்கிறான் அவன். காற்றும் அவனைத் தீண்டவில்லை. கைகால்கள் ஒன்றையொன்று தொடவில்லை. உடலிருப்பதை அறியாத அவனும் தான் இருப்பதை அறிவான். ஆதலின் நஃப்ஸு உடலின் வேறானது என்பது அவர் முடிவு. கற்பனைக்கும் நினைவுக்கும் மூளையில் தனித்தனி அறைகளை ‘அல்கானூன்’ எனும் மருத்துவ நூலில் வகுத்தவரும் இவரே என்பதை மறத்தலாகாது.

அம்மனிதனுக்கு நேர்மாறானோரை நம் காலத்தில் ஆராய்ந்தார் ஒரு தமிழர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில் கலிபோர்னியாவில் கையிழந்தோரைக் கண்டார். இல்லாத கை அவர்களுக்கு இருப்பதாகவே தோன்றிற்று, இறுகி வலித்தது. பெட்டியொன்றில் கண்ணாடியை நிறுத்தி, நலமுள்ள கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியுமாறு செய்தார். சிலருக்கு வலி தணிந்தது! ‘என் கை’ என்னும் உணர்வே மூளை வரையும் சித்திரம் என்றாகிறது. இது சிறு வெற்றியன்று. எனினும் வலி ஏன் வலியாக உணரப்படுகிறது என்பதைக் கண்ணாடி சொல்லவில்லை.

1998இல் மூளையாய்வாளர் கிறிஸ்டோஃப் காக், தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். (பந்தயம் நமக்கு விலக்கப்பட்டது, வரலாறு கருதிச் சொல்கிறோம்.) உணர்வுக்குரிய நரம்பு அடையாளம் 25 ஆண்டுகளுக்குள் தெளிவாகப் புலப்படும் என்றார் காக். 2023இல் நியூயார்க் நகரில் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இத்தகைய செய்தி கிடைத்தால் நம் மேடைகளில் சிலர், “அறிவியல் தோற்றது, ரூஹு நிரூபணமாயிற்று” என்று முழங்கிவிடுகின்றனர். நாம் இதற்கு உடன்படோம். நாளை அறிவியல் விடை கண்டுவிட்டால் இவர்களை நம்பிய இளைஞர் எங்கே நிற்பர்?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 1095இல் முடித்த ‘தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா’வில் இருபது விவாதங்கள் உள்ளன. பதினெட்டாவது இதைப் பற்றியதே. ஆன்மா உண்டென்பதில் இமாமுக்கு ஐயமில்லை. அதனை அறிவுவாதத்தால் மட்டுமே நிறுவிவிட்டோம் என்று தத்துவவாதிகள் உரிமை கொண்டாடியதையே அவர் ஏற்கவில்லை. தம் கொள்கைக்குத் துணையாகத் தோன்றுகிறதே என்று எதையும் விட்டுவிடாமல், அவர்களுடைய பத்து ஆதாரங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து மறுத்திருக்கிறார்.