பொதுப் பணமும் கலைப் பங்கீடும்

மக்கள் செலுத்தும் வரிப்பணத்திலிருந்து கலைக்கு உதவி வழங்கப்படும்போது, அவ்வுதவி எவருடைய கலையைச் சென்றடைகின்றது என்னும் வினா எழுவது இயல்பே. இவ்வினாவை ஆராய்வார்க்குப் பிரித்தானியாவின் வரலாறு தக்க சான்றாகும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1940ஆம் ஆண்டில், இசையையும் நாடகத்தையும் ஓவியத்தையும் ஊக்குவிக்க அந்நாட்டில் ஒரு மன்றம் அமைக்கப்பட்டது. 1942 முதல் அதற்குத் தலைமை தாங்கியவர் பொருளியல் அறிஞர் கெயின்ஸ். அம்மன்றமே 1946இல் அரச பட்டயம் பெற்றுப் பிரித்தானியக் கலைக்கழகமாயிற்று. அரசாங்கம் பணம் அளிக்கும், பங்கீட்டில் தலையிடாது என்பது அதன் நெறி. ஆயினும் இலண்டன் மாநகரின் இசைநாடக அரங்கு போன்ற பெருநிறுவனங்களே மானியத்தின் பெரும்பங்கைப் பெற்றன.

அக்காலத்தில் மேற்கிந்தியத் தீவுகள், இந்தியா, பாகிஸ்தான், சைப்பிரஸ் முதலிய நாடுகளிலிருந்து பல்லாயிரவர் அங்கே குடியேறினர். அவர்களும் வரி செலுத்தினர்; அவர்களிடமும் ஆடலும் பாடலும் கூத்தும் இருந்தன. கலைக்கழகத்தின் கண்களுக்கு அவை புலப்படவில்லை.

இந்நிலையை 1976இல் வெளிவந்த ஓர் அறிக்கை உலகறியச் செய்தது. "பிரித்தானியா புறக்கணிக்கும் கலைகள்" என்னும் பொருள்படும் தலைப்பில் அதனை எழுதியவர் நசீம் கான் அம்மையார். கலைக்கு அங்கே பஞ்சமில்லை. ஒத்திகைக்கு இடமும், அரங்கும், உதவி பெறும் வழியறிவுமே இல்லை என்று அவர் எடுத்துக்காட்டினார். அதன் பயனாகச் சிறுபான்மைக் கலைகளுக்கான ஆலோசனைச் சேவையொன்று தோன்றிற்று. 1986இல், இரண்டாண்டுகளுள் தன் செலவில் குறைந்தது 4 வீதத்தை இக்கலைகளுக்கு ஒதுக்குவதெனக் கலைக்கழகம் இலக்கு வகுத்தது.

இதற்கு மறுப்புரைத்தோரும் உளர். கராச்சியிற் பிறந்த ஓவியர் ரஷீத் அராயீன், "சிறுபான்மைக் கலை" எனத் தனிக்கூடு அமைப்பது கலைஞரைப் பொது வரலாற்றிலிருந்து விலக்கிவிடும் என வாதிட்டார். 1989இல் இலண்டனில் ஆபிரிக்க, ஆசிய, கரிபியக் கலைஞரின் ஆக்கங்களைத் திரட்டி அவர் நடத்திய கண்காட்சி, நவீன கலை வரலாற்றில் அவர்களுக்குரிய இடத்தைக் கோரிற்று.

ஒதுக்கீடின்றேல் புறக்கணிப்பு நீடிக்கும். ஒதுக்கீடு மட்டுமேயெனின் ஓரங்கட்டல் நேரும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி, பங்கிடும் அவையிலேயே பல சமூகத்தாரும் அமர்வதாகும். வெளியே நின்று குறை உரைத்த நசீம் கான் அம்மையாரே 1996 முதல் 2003 வரை இங்கிலாந்துக் கலைக்கழகத்தினுள்ளே பன்மைப்பண்பாட்டுப் பணியில் ஈடுபட்டமை இவ்வுண்மையை வலியுறுத்துகின்றது. பல இனத்தவர் கூடிவாழும் எந்நாட்டுக்கும் இது பொருந்தும்.