பனிக்காலப் பறப்பும் நிலத்துப் பணியும்

வானூர்தியின் வரலாற்றை எழுதுவோர் பறந்தவர் புகழையே பெரிதும் பேசுவர். பறப்பதற்குமுன் நிலத்தில் நின்று உழைத்தவரைக் கூறுவார் சிலரே. பனிக்காலப் பறப்போ இப்பின்னவர் கையிலேயே தங்கியிருந்தது. கனடாவின் வடபுலம் இதற்குச் சான்றாகும்.

1929ஆம் ஆண்டு சனவரி 2ஆந் திகதி வொப் மே, விக் ஹோணர் என்னும் விமானிகள் இருவர் எட்மன்ரன் நகரினின்றும் வடக்கே புறப்பட்டனர். வெர்மிலியன் கோட்டைப் பகுதியில் தொண்டைக்கரப்பன் நோய் தோன்றியிருந்தது. அதற்குரிய மருந்து உறையாமற் போய்ச் சேரவேண்டும். அவர்கள் ஏறியதோ திறந்த இருக்கைகளையுடைய ஏவ்றோ ஏவியன் என்னும் சிறு விமானம். பனியிற் சறுக்கும் கட்டைகளும் அதற்கில்லை, சில்லுகளே இருந்தன. எனினும் மருந்து மறுநாட் சேர்ந்தது. இத்துணிவு போற்றற்குரியது. ஆயின், பனிக்காலம் முழுவதும் அஞ்சலும் பண்டமும் சுமந்த விமானங்கள் துணிவை மட்டும் நம்பிப் பறத்தல் இயலுமா? அவற்றைக் காத்தது ஓர் ஒழுங்காகும்.

அவ்வொழுங்கு மாலையிலேயே தொடங்கிற்று. விமானம் இறங்கியதும், சூடு ஆறுமுன், எஞ்சின் எண்ணெய் வடித்தெடுக்கப்பட்டது. கடுங்குளிரில் எண்ணெய் கூழ்போல் இறுகும். பின்னர் எஞ்சினைச் சுழற்றுதல் அரிது. சுழற்றினும் உறுப்புக்களுக்கு எண்ணெய் செல்லாது. சறுக்குக்கட்டைகளின் கீழ் மரக்கழிகள் இடப்பட்டன. இன்றேல் அவை இரவிற் பனியோடு உறைந்து ஒட்டிவிடும். சிறகுகள் துணியால் மூடப்பட்டன. விடியுமுன் பொறியாளர் எஞ்சினைச் சுற்றித் தடித்த துணிக்கூடாரம் இட்டு, உள்ளே அடுப்பு மூட்டி, தீப்பற்றாவண்ணம் அருகிருந்து காப்பார். எஞ்சின் சூடேறியபின், காய்ச்சிய எண்ணெயை ஊற்றி உடனே இயக்குவர்.

இறுதியாகச் சிறகிற் படிந்த உறைபனி துடைக்கப்படும். மெல்லிய படலந்தானே என்று எண்ணுதல் தகாது. சொரசொரப்பான அப்படலம் சிறகின்மேற் காற்றோட்டத்தைக் குலைத்து, தூக்கும் விசையைக் குறைத்துவிடும்.

இவ்வறிவு பழையதாயினும் மறக்கப்பட்டதுண்டு. 1989 மார்ச் 10இல், ஒன்ராறியோ மாகாணத்து ட்றைடன் நகரிலே, சிறகிற் படிந்த பனி நீக்கப்படாமற் புறப்பட்ட பயணிகள் ஜெற் விமானமொன்று வீழ்ந்து 24 பேர் மாண்டனர். 1992இல் வெளியான விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கை விமானியை மட்டும் குறைகூறாது, விமானப் போக்குவரத்து அமைப்பு முழுவதிலுமிருந்த தவறுகளை எடுத்துக்காட்டிற்று. சிறு விமானத்தார் துணியாலும் தூரிகையாலும் செய்த பணி, பெரிய விமானத்துக்கும் இன்றியமையாததே.

ஆகவே, வரலாறு கற்கும் மாணவர் வானத்தை மட்டும் நோக்காது, விடியற் குளிரில் அடுப்பருகே காத்திருந்த, பெயர் எழுதப்படாத அம்மனிதரையும் நோக்குவாராக.