செயின்சா பாதியில் நின்றுவிட்டதா? முதலில் எண்ணெய்க் கலவையைக் கவனியுங்கள்

சாய்ந்த தென்னையை அறுக்கும்போது செயின்சா திடீரென நின்று, ஸ்டார்ட்டர் கயிறும் இழுபடவில்லை என்றால் பிஸ்டன் பிடித்திருக்கலாம். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலுடன் கலக்கும் டூ-டி ஆயில்தான் பிஸ்டன் தேயாமல் காக்கிறது. செயின் ஆயில் டேங்க் நிரம்பியிருப்பது இதற்கு உதவாது. 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. உங்கள் மெஷினுக்கு எது என்று கையேட்டில் பார்த்து அளந்து ஊற்றுங்கள், கண்ணளவு வேண்டாம்.

இன்ஜின் ஆறியதும் பிளக் ஒயரை எடுத்துவிட்டு, சைலன்சரைக் கழற்றிப் பாருங்கள். பிஸ்டனில் நீளவாக்கில் கீறல் தெரிந்தால் மேலும் இழுக்காமல் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

கயிறு நன்றாக இழுபட்டும் ஸ்டார்ட் ஆகவில்லையா? பெரும்பாலும் சின்னச் செலவுதான்: பிளக், ஏர் ஃபில்டர் அல்லது பழைய பெட்ரோல். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். ஒரு மாதத்துக்கு மேல் வைத்த கலவையை ஊற்றாதீர்கள்.