பதினான்கு நாளுக்கு ஒரு முகவரி

போன டிசம்பரில் ஒரு ஞாயிறு இரவு, இங்கிலாந்தில் இருக்கும் சீனியர் அண்ணன் ஒருவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. "வீட்டை நகர்த்தி முடிச்சிட்டேன்டா. கை ரெண்டும் விறைச்சுப் போச்சு. நாளைக்குக் காலைல ஸ்டேஷன் எந்தப் பக்கம்னு இனிமேதான் பார்க்கணும்."

வீட்டை மாற்றவில்லை, நகர்த்தினார். அவர் வசிப்பது ஒரு நேரோபோட்டில். ஏழடி அகலமே உள்ள இரும்புப் படகு. நானும் அவரும் படித்தது ஒரே உள்ளூர்ப் பல்கலைக்கழகம். எனக்கு இரண்டு வருடம் மூத்தவர். ரயில் சிக்னல் வேலை. இந்த மாதம் ஒரு ஊர், அடுத்த மாதம் இன்னொரு ஊர். லண்டனில் ஓர் அறைக்குக் கேட்ட வாடகையைப் பார்த்துவிட்டு, சேமிப்பையும் கடனையும் சேர்த்துப் பழைய படகு ஒன்றை வாங்கிவிட்டார்.

எனக்கு இது விநோதமாகப் படவில்லை. நான் ஜொகூர் பாருவில் குடியிருந்து சிங்கப்பூரில் வேலை செய்கிறவன். காலை நாலேகாலுக்கு அலாரம், மோட்டார், கோஸ்வே ஜாம். அங்கே அறை எடுத்தால் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்பதால் தூக்கத்தைக் கொடுத்து வாடகையை மிச்சம் பிடிக்கிறேன். சம்பளம் ஒரு கரையில், வீடு இன்னொரு கரையில். அண்ணனுக்கு வீடு கரையிலேயே இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். படகில் வாழ்ந்துகொண்டு நிலத்தில் வேலைக்குப் போவது இப்போது வந்த ஃபேஷனா, இல்லை பழைய கதையா என்று தேட ஆரம்பித்தேன். பழைய கதைதான். அதுவும் தொடக்கம் முதலே காசுக் கணக்குக் கதை.

இங்கிலாந்தின் கால்வாய் யுகம் 1761இல் பிரிட்ஜ்வாட்டர் கால்வாயோடு தொடங்கியதாகச் சொல்வார்கள். வொர்ஸ்லி சுரங்கத்து நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டுபோக வெட்டியது. அதில் பணியாற்றிய ஜேம்ஸ் பிரிண்ட்லிதான் அடுத்து வந்த மிட்லண்ட்ஸ் கால்வாய்களுக்கும் அளவு வகுத்தார். மேடு வந்தால் படகை ஏற்றிவிட லாக் வேண்டும். இரண்டு பக்கமும் கதவு வைத்த ஒரு தொட்டி, உள்ளே தண்ணீரை நிரப்பினால் படகு மேலே வரும், வடித்தால் கீழே இறங்கும். நம்ம கோஸ்வேயிலும் 1924இல் திறந்தபோது சிறு படகுகளுக்காக ஜொகூர்ப் பக்கம் ஒரு லாக் இருந்தது. 1942இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை அதைத் தகர்த்தது. போருக்குப் பிறகு யாரும் திரும்பக் கட்டவில்லை.

பிரிண்ட்லி லாக்கின் அகலத்தை ஏழடியாக வைத்தார். குறுகலான லாக் என்றால் கட்டுமானச் செலவு குறைவு, தண்ணீரும் குறைவு. பொறியாளனாகப் பார்த்தால் சரியான முடிவு. ஆனால் லாக் ஏழடி என்றால் படகும் ஏழடிதான். எழுபதடி நீளம், ஏழடி அகலம், சுமார் 25 டன் சரக்கு. தண்ணீரைச் சேமிக்கப் போட்ட அந்தக் கணக்கு, பின்னால் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் படுக்கை அளவையும் சேர்த்தே தீர்மானித்துவிட்டது.

முதலில் படகுக்காரர்களில் பலருக்குக் கரையில் வீடு இருந்தது. குடும்பத்தோடு படகிலேயே இருந்தவர்களும் அப்போதே உண்டு, ஆனால் அது பொது வழக்கமாகவில்லை. ரயில் வந்ததும் நிலைமை மாறியது. 1830இல் லிவர்பூல்–மான்செஸ்டர் பாதை, 1838இல் லண்டன்–பர்மிங்ஹாம் பாதை. போட்டிக்கு நிற்கக் கால்வாய்க் கம்பெனிகள் சரக்குக் கூலியைக் குறைத்தன. படகோட்டிக்குச் சம்பளம் நாள் கணக்கில் இல்லை. நடைக்கு இவ்வளவு, டன்னுக்கு இவ்வளவு. அதில்தான் துணை ஆளுக்கும் கூலி கொடுக்கணும். வருமானம் சுருங்கச் சுருங்க, வெட்ட முடிந்த செலவு இரண்டே: துணை ஆளின் கூலி, கரை வீட்டின் வாடகை. மனைவியைப் படகில் ஏற்றினால் இரண்டும் மிச்சம். மனைவி சுக்கான் பிடித்தார், பிள்ளைகள் கரையில் குதிரையை நடத்திப் போனார்கள்.

எழுபதடிப் படகில் அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த இடம் பின்பக்கம் சுமார் பத்தடிக் கேபின். நுழைந்ததும் இடதுபுறம் அடுப்பு, அலமாரிக் கதவைக் கீழே மடக்கினால் மேசை, இரவில் பலகையை இறக்கினால் குறுக்கே கட்டில். மீதி இடமெல்லாம் சரக்குக்கு. கேபின் கதவிலும் தண்ணீர் வாளியிலும் ரோஜாவும் கோட்டையும் வரைந்து வைத்தார்கள். இன்று சுற்றுலாக் கடைகளில் விற்கும் அந்தப் பூ வேலைப்பாடு, அந்தப் பத்தடி வீட்டின் அலங்காரம்தான்.

கரையில் இருந்தவர்களுக்கு இந்தக் குடும்பங்கள் கண்ணை உறுத்தின. கோல்வில் ஊர்க்காரரான ஜார்ஜ் ஸ்மித் முதலில் செங்கல் சூளைப் பிள்ளைகளுக்காகப் போராடி 1871இல் சட்டம் கொண்டுவர வைத்தவர். அடுத்து படகுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். அவர் படகுவாசிகளைப் பற்றி எழுதியதில் குடி, அழுக்கு, ஒழுக்கக்கேடு எல்லாம் தாராளமாக இருந்தது. அந்தப் பிள்ளைகள் எழுத்து தெரியாமல் வளர்ந்தது மட்டும் உண்மை. 1877இல் கால்வாய்ப் படகுச் சட்டம் வந்தது, 1884இல் அதை இன்னும் இறுக்கினார்கள். ஆள் வசிக்கும் ஒவ்வொரு படகும் ஏதாவது ஓர் ஊர் அதிகாரியிடம் பதிவாக வேண்டும். அந்த ஊர்ப் பெயரும் எண்ணும் படகில் எழுதியிருக்க வேண்டும். பெரியவருக்கு 60 கன அடி, பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்றால் 40 கன அடி இடம் என்று விதிகள் வந்தன. பள்ளிக்கூட விஷயத்தில், படகு எந்த ஊரில் பதிவோ அதுவே பிள்ளையின் ஊர்.

கணக்குக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பதிவு ஒரு ஊரில், சரக்கு வேறு ஊரில். படகு நின்றால் அப்பாவுக்குக் கூலி இல்லை, ஓடினால் பிள்ளைக்குப் பள்ளி இல்லை. ஓர் ஊரில் காலையில் பலகையைப் பிடித்த பிள்ளை மறுநாள் இருபது மைல் தள்ளி இருக்கும். சட்டம் ஊர் கேட்டது. வேலை ஊர் விட்டு ஊர் ஓடச் சொன்னது. நடுவில் அந்தக் குடும்பம்.

இந்த வாழ்க்கையை ஆசைப்பட்டு ஏற்றுக்கொண்டவர்களும் பிறகு வந்தார்கள். அவர்களில் பெயர் பெற்றவர் எல். டி. சி. ரோல்ட். பிற்காலத்தில் புருனெல், டெல்ஃபோர்ட், ஸ்டீஃபன்சன்களின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர். தொழிலால் இயந்திரப் பொறியாளர். 1939 ஜூலையில் புது மனைவி ஆஞ்சலாவோடு 'கிரெஸ்ஸி' என்ற படகில் பான்பரியிலிருந்து புறப்பட்டார். அந்தப் பயணத்தைப் பற்றிய 'நேரோ போட்' 1944இல் வெளிவந்தது. அதைப் படித்த ராபர்ட் ஐக்மன் அவரைத் தேடி வந்து சந்தித்ததில்தான் 1946இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் பிறந்தது. தூர்ந்துபோகவிருந்த கால்வாய்கள் பல இன்று தண்ணீரோடு இருக்க அந்தச் சங்கம் ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் எனக்குப் பிடித்த பகுதி புத்தகத்துக்கு வெளியே இருக்கிறது. புறப்பட்ட ஆறாவது வாரமே போர் வந்துவிட்டது. சம்பளம் வேண்டும். ரோல்ட் கொஞ்ச நாள் குரூ நகரில் ரோல்ஸ் ராய்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்தார். பிறகு அரசின் போர்க்கால வழங்கல் அமைச்சில் தொழில்நுட்ப வேலை கிடைத்தது. 1941 முதல் 1946 வரை கிரெஸ்ஸி டார்டிபிக் என்ற இடத்தில், முப்பது லாக் வரிசையின் உச்சிக்குப் பக்கத்தில், கட்டியபடியே நின்றது. படகு வாழ்க்கைக்கே அடையாளமாகிவிட்ட மனிதர், வேலைக்காக ஐந்து வருடம் ஒரே இடத்தில் நின்றார். இதைப் படித்ததும் அண்ணனுக்கு அனுப்பினேன். "குடுத்து வச்ச மனுசன்" என்று ஒரே வரி பதில்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று புரிய, மீதிக் கதை வேண்டும். 1948இல் பெரும்பாலான கால்வாய்கள் அரசுடைமையாகின. சரக்கெல்லாம் லாரிக்குப் போய்க்கொண்டிருந்தது. 1962–63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடக்க, மிஞ்சியிருந்த நேரோபோட் சரக்கு வேலையும் பெரும்பாலும் அதோடு முடிந்தது. அதர்ஸ்டனிலிருந்து சவுத்தாலில் இருந்த ஜாம் தொழிற்சாலைக்கு நிலக்கரி கொண்டுபோன நீண்டதூர நடை 1970 அக்டோபரில் நின்றது. குடும்பங்கள் கரையேறின. விடுமுறைப் படகுகள் வந்தன. அப்புறம் வீட்டு விலை ஏற ஏற, சம்பளக்காரர்கள் மறுபடி படகில் ஏறினார்கள்.

இவர்களுக்கான விதி 1995ஆம் ஆண்டு பிரிட்டிஷ் நீர்வழிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. படகுக்கு நிரந்தரமாகக் கட்டும் இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் உண்மையாகவே பயணத்தில் இருக்க வேண்டும். எந்த ஓர் இடத்திலும் தொடர்ந்து 14 நாளுக்கு மேல், அல்லது சூழ்நிலைக்கு நியாயமான காலத்துக்கு மேல், நிற்கக் கூடாது. எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்று சட்டத்தில் எண் இல்லை. 2012இல் பொறுப்பேற்ற கால்வாய், ஆற்று அறக்கட்டளை, உரிமக் காலம் முழுக்க 20 மைல் வரம்புக்குள்ளேயே சுற்றுவது போதாது என்ற நிலைப்பாட்டை எடுத்தது. 2024 ஏப்ரல் முதல் இப்படி நிரந்தர இடமில்லாத படகுகளுக்கு உரிமக் கட்டணத்தில் கூடுதல் தொகையும் உண்டு: முதலாண்டு 5 சதவீதம், 2028இல் 25 சதவீதம் வரை.

1877 சட்டம், உனக்கு ஓர் ஊர் இருக்கணும் என்றது. 1995 சட்டம், இடத்துக்கு வாடகை கட்ட முடியாதவனே, நீ எந்த ஊரிலும் நிற்காதே என்கிறது. இரண்டையும் எழுதியது கரையில் வீடு உள்ளவர்கள். அதற்காக இந்தச் சட்டத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கரை பொது இடம். எல்லோரும் லண்டனிலேயே கட்டிப் போட்டால் அடுத்த படகு எங்கே நிற்கும்? ஆனால் 14 நாளுக்கொரு முறை வீடு நகரணும், வேலை நகராது என்னும்போது நடுவில் என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

லண்டனிலிருந்து பர்மிங்ஹாமுக்கு கிராண்ட் யூனியன் கால்வாயில் 137 மைல், 166 லாக். வேக வரம்பு மணிக்கு 4 மைல். கட்டிய படகுகளைத் தாண்டும்போது மெதுவாகப் போவதால் 3 என்று வைப்போம். ஓட 46 மணி நேரம். லாக்குக்குக் கால் மணி என்றால் இன்னும் 41. மொத்தம் 87 மணி. நாளுக்கு எட்டு மணி ஓட்டினால் பதினொரு நாள். ரயிலில் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. வேலை போகும் ஊருக்கெல்லாம் வீட்டையும் கூட்டிப்போகலாம் என்ற கனவு இங்கேயே முடிந்துவிடுகிறது.

அண்ணன் கண்டுபிடித்த வழி வேறு. லண்டன்–பர்மிங்ஹாம் ரயில் பாதை நெடுந்தூரம் கால்வாயை ஒட்டியே போகிறது. இரண்டையும் போட்டவர்கள் தேடியது ஒரே மாதிரி மேடு குறைந்த நிலம். ஹெமல் ஹெம்ப்ஸ்டெட், பெர்க்காம்ஸ்டெட், டிரிங், லேட்டன் பஸ்ஸார்ட் என்று நிலையத்துக்கு நிலையம் படகை ஊர விடுகிறார். படகுக் குடும்பங்களின் கூலியை அன்று பறித்த அதே ரயில்தான் இன்று இவர் படகில் வாழ்வதற்கு வழி செய்கிறது. ஆனாலும் செலவு நிற்கவில்லை. மாதாந்தர ரயில் சீட்டு குறிப்பிட்ட இரண்டு நிலையங்களுக்கு நடுவில்தான் செல்லும். புறப்படும் நிலையமே இரண்டு வாரத்துக்கொரு முறை மாறுகிறவருக்கு அது உதவாது. வாரச் சீட்டு எடுக்கிறார், மீதிக்கு சைக்கிள். குளிர்காலத்தில் லாக் பராமரிப்புக்காகச் சில வழிகளை மூடுவார்கள், அதையும் முன்கூட்டியே பார்த்துவைக்கணும். வேலை மூன்று வாரம் வடக்கே இழுத்தால், அந்த நாட்களுக்கு மட்டும் தனியார் படகுத்துறையில் வாடகைக்கு இடம் பிடிக்கிறார். ஒரு வருடக் கணக்கை எனக்கு அனுப்பியிருந்தார். லண்டன் அறை வாடகையைவிட நல்ல மிச்சம்தான். ஆனால் தண்ணீர் பிடிக்க, கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்ய, படகை நகர்த்தப் போன ஞாயிற்றுக்கிழமைகளுக்கு அந்தக் கணக்கில் கட்டமே இல்லை.

என் கணக்கிலும் நாலேகால் மணிக்குக் கட்டம் இல்லை. 1840களின் படகோட்டி, கூலியில் விழுந்த துண்டை மனைவியின் உழைப்பாலும் பிள்ளைகளின் படிப்பாலும் அடைத்தார். எங்கள் இரண்டு பேருக்கும் பிள்ளைகள் இல்லை. அதனால் தூக்கத்தாலும் ஞாயிற்றுக்கிழமையாலும் அடைக்க முடிகிறது. வாடகையை மிச்சம் பிடித்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மிச்சமில்லை, வேறு கையால் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

அண்ணனுக்கு அடுத்த வருடம் கல்யாணம். பெண் ஈப்போ. படகைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார், அவரும் சரி என்றுவிட்டார். பிள்ளை பிறந்தால் பள்ளிக்கு எந்த முகவரியைக் கொடுப்பது என்ற கேள்வி மட்டும் பாக்கி. "1877ல ஒரு வழி பண்ணியிருந்தாங்க அண்ணே, படகு பதிவான ஊர்தான் பிள்ளையோட ஊர்" என்று எழுதினேன். சிரிப்பு முகம் ஒன்று வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு செய்தி: "டிரிங் பக்கத்துல நிரந்தரமா கட்ட இடம் ஒண்ணு காலியாகுதாம். வாடகை என்னன்னு கேட்டிருக்கேன்."