உத்திர வளைவு: கைக்கணக்கும் கணினிக் கணக்கும்

உத்திரம் ஒன்றின் வளைவைச் சூத்திரத்தாலும் கணினியாலும் கணித்து, விடைகளை அருகருகே வைத்து, அவை ஒத்திருந்தால் திருப்தியும் ஒவ்வாதிருந்தால் கலக்கமும் அடைவது பொறியியலாரிடையே வழக்கமாகிவிட்டது. ஒற்றுமையே உண்மைக்குப் பிரமாணம் என்னும் இந்நம்பிக்கை தகுந்ததன்று என்பதும், இரு விடைகளுக்குமிடையே எழவேண்டிய வித்தியாசத்தின் திசையையும் அளவையும் முன்கூட்டியே அனுமானித்துப் பொருத்திப் பார்ப்பதே மெய்யான சோதனை என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

ஆய்லரும் டேனியல் பெர்னூலியும் 18ஆம் நூற்றாண்டில் வகுத்த சித்தாந்தம், அச்சுக்குச் செங்குத்தான குறுக்குவெட்டு வளைந்த பின்னும் தளமாகவும் செங்குத்தாகவுமே நிற்கும் என்று கொண்டு, வெட்டுத் திரிபை அறவே விலக்குகிறது. 1921இல் திமோஷென்கோ அதனையும் சேர்த்து விரித்தார். 1960இல் கிளஃப் பெயரிட்ட வரம்புறு கூறு முறையோ, உத்திரத்தைச் சிறு கூறுகளாலான வலையாகப் பகுத்து, ஒவ்வொரு கூறும் எளிய சில உருமாற்றங்களை மட்டுமே ஏற்கும் என்று விதிக்கிறது. ஆக, கைக்கணக்கு, கணினிக் கணக்கு இரண்டும் அனுமானங்களின்மேல் எழுந்தவையே.

1,000 மி.மீ. நீளமும் 50 மி.மீ. அகலமும் 100 மி.மீ. உயரமும் உள்ள எஃகு உத்திரம், ஒரு முனை பிணைக்கப்பட்டு, மறுமுனையில் 1,000 நியூட்டன் சுமை தாங்குவதாகக் கொள்வோம். யங் குணகம் ஒரு சதுர மி.மீ.க்கு 2,00,000 நியூட்டன், பாய்சான் விகிதம் 0.3 எனில், ஆய்லர்-பெர்னூலியின் பழைய சூத்திரப்படி முனை இறக்கம் 0.400 மி.மீ.; வெட்டுத் திரிபு கூட்டுவது 0.003 மி.மீ. மட்டுமே. எனவே நுண்ணிய வலை சற்றே மிகுந்த இறக்கத்தைக் காட்டவேண்டும். நாற்கணுச் சதுரக் கூறுகளை உயரத்தில் ஒரே அடுக்காக வைத்தாலோ, இறக்கம் ஏறத்தாழ 0.27 மி.மீ.யாகச் சுருங்கிவிடும்; அக்கூறுகளின் விளிம்புகள் வளைய மாட்டாமையால், உத்திரத்தில் இல்லாத வெட்டுத் திரிபு கணக்கில் புகுந்து வளைவைத் தடுப்பதே காரணம்.

இனி, நீளத்தை 200 மி.மீ.யாகக் குறைப்போம். பழைய சூத்திரம் 0.0032 மி.மீ. என்னும்; வெட்டுத் திரிபையும் சேர்த்தால் 0.0038 மி.மீ. ஆகும். இறக்கத்தை ஆறில் ஒரு பங்கு குறைத்துக் காட்டும் பருவலை ஒன்று இங்கே வாய்க்குமாயின், அதன் விடை பழைய சூத்திரத்தோடு அழகாகப் பொருந்தும். ஆனால் இரண்டுமே பிழையானவை. ஒற்றுமை பிரமாணமன்று என்பதற்கு இதனினும் தெளிவான நிரூபணம் வேண்டுவதில்லை.

தகைவின் விஷயத்தில் நிலைமை நேர்மாறானது. நீண்ட உத்திரத்தின் பிணைப்பு முனையில், மேல் விளிம்பில், கைக்கணக்கு தருவது சதுர மி.மீ.க்கு 12 நியூட்டன். அம்முனை எத்திசையிலும் அசையாதபடி பூரணமாகப் பிணைக்கப்படுமானால், குறுக்குச் சுருக்கமும் தடைப்பட்டு, மூலையில் தகைவு வலை நுணுக நுணுக வரம்பின்றி ஏறும். ஆங்கே ஒப்புமை தேடுவது வீண். ஓர் உயரம் அளவு, அதாவது 100 மி.மீ., உள்ளே தள்ளி, கைக்கணக்கின் சதுர மி.மீ.க்கு 10.8 நியூட்டனோடு ஒப்பிடுவதே முறை.

ஆதலின், ஒப்பீட்டு அட்டவணையில் இரு விடைகளையும் அவற்றின் வித்தியாசச் சதவீதத்தையும் குறிப்பதோடு நில்லாமல், கணினியை இயக்குமுன்னரே எதிர்பார்த்த வித்தியாசத்தையும் அதன் காரணத்தையும் ஒரு பத்தியாகப் பதிவு செய்வது ஆய்வாளர் கடமையாதல் வேண்டும். அப்பத்தி இல்லாத இடத்தில், ஒரு சதவீத ஒற்றுமையும் தற்செயலினின்று பிரித்தறிய இயலாததே.