தெளிவடையும் வரை: பீமாரிஸ்தான்கள் சொல்லும் பாடம்

சித்தம் கலங்கியவர் தெளிவடையும் வரை அவருடைய செயல்களை எழுதும் பேனா உயர்த்தப்பட்டிருக்கிறது என்பது நபிகளார் (ஸல்) அவர்கள் வழிவந்த செய்தி. இதிலுள்ள சலுகையை நாம் அறிவோம். ‘தெளிவடையும் வரை’ என்னும் எல்லையைக் கவனிப்பதில்லை. கலக்கம் நீங்கக்கூடியது என்பதே அதன் அடிப்படை. தெளிந்தவர்மீது தொழுகை மீண்டும் கடமையாகிறது. விற்கவும் வாங்கவும் மணமுடிக்கவும் உள்ள உரிமை அவரிடம் திரும்புகிறது என ஃபிக்ஹ் அறிஞர்கள் வகுத்தனர்.

இத்தகையோரை ஒதுக்காமல் பேணும் கடமை பீமாரிஸ்தான்களில் உருப்பெற்றது. 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனை, செல்வர் வறியவர் என்ற பேதமின்றி வக்ஃபு வருவாயில் நடந்தது. மனநோயாளருக்கும் அங்கே இடமிருந்தது. 1354இல் அலெப்போவில் எழுந்த அர்கூன் பீமாரிஸ்தானின் முற்றங்களில் நீர்த்தடாகங்கள் அமைந்தன. 1488இல் எடிர்னேயில் இரண்டாம் பாயஸீத் கட்டி முடித்த மருத்துவமனை, பள்ளிவாசலும் உணவுக்கூடமும் மருத்துவக் கல்விக்கூடமும் கொண்ட வளாகத்திலேயே நின்றது. 17ஆம் நூற்றாண்டில் அங்கு சென்ற பயணி எவ்லியா செலெபி, நோயாளருக்காக இசைக்கலைஞர்கள் வாசித்ததை எழுதினார். சங்கிலிகளையும் அவரே குறிப்பிட்டார். பெருமையோடு குறையையும் சேர்த்தே வரலாற்றைப் படிக்க வேண்டும்.

சங்கிலி நம் மண்ணிலும் கிடந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகமொன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப இயலவில்லை. உயிரிழந்தோர் 28 பேர்.

சங்கிலி கடைசிக் கட்டம். விலக்கல் அதற்கு வெகுமுன்னரே, நோய் முதன்முறை வெளிப்படும்போதே தொடங்கிவிடுகிறது. சைக்கோசிஸ் எனப்படும் மனப்பிறழ்வு பெரும்பாலும் பதின்பருவ இறுதியிலோ இருபதுகளிலோ தலைகாட்டும். படிப்பும் தொழிலும் மணவாழ்வும் உருவாகும் வயது அது. தாமதமின்றி மருத்துவம் தொடங்கினால், காதில் ஒலித்த குரல்களும் வீண் சந்தேகங்களும் பலருக்கு அடங்குகின்றன. அதற்குள் நண்பர்கள் விலகியிருப்பர், படிப்பு நின்றிருக்கும். மருந்து மட்டும் அவற்றை மீட்டுத் தராது.

மீட்டுத் தருவது குடும்பமும் மஹல்லாவும் ஆற்ற வேண்டிய பணி. தொழுகைக்கு உடன் அழைத்துச் செல்லலாம். கடையில் நாளொன்றுக்கு இரண்டு மணிநேர வேலை தரலாம். விருந்துக்குப் பெயர் சொல்லி அழைக்கலாம். ஓதிப்பார்ப்பதும் துஆச் செய்வதும் மருந்தை நிறுத்தச் சொல்வதற்குக் காரணமாகிவிடக் கூடாது. மீண்டும் தடுமாற்றம் தெரிந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் கூட்டிச் செல்ல வேண்டும்.

இறைவனின் பேனா மீண்டும் எழுதத் தொடங்கிய ஒருவரை, நாம் மட்டும் ‘பைத்தியம்’ என்ற பழைய பெயரால் எழுதிக்கொண்டிருப்பது நியாயமன்று.