திருவனந்தபுரத்துக்கு வராத டைரக்ட் டிரைவ்

கரமனைக்காரன் ஒசாகாவில் உட்கார்ந்து ரெக்கார்ட் பிளேயர் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். என்னிடம் இருக்கும் டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 எம்.கே. 2 இந்த ஊர்ப்பக்கத்துச் சரக்கு. அதைச் செய்த மட்சுஷிதா கம்பெனி இருந்த கதோமா, இங்கிருந்து ரயிலில் கொஞ்ச தூரம்தான். நிப்பொன்பாஷியில் செகண்ட் ஹாண்டில் வாங்கினேன். சுமார் 12 கிலோ. தூக்கி வந்த தோள் இரண்டு நாள் வலித்தது.

பழைய பிளேயர்களில் மோட்டார் வேகமாகச் சுற்றும். ரப்பர் பெல்ட்டோ ரப்பர் சக்கரமோ அந்த வேகத்தைக் குறைத்துத் தட்டுக்குக் கொடுக்கும். மட்சுஷிதாவில் ஒபாத்தா ஷூயிச்சி என்ற இன்ஜினியர் நடுவில் இருந்த ரப்பரையே எடுத்துவிட்டார். மோட்டாரே நிமிஷத்துக்கு 33⅓ சுற்றுதான் சுற்றும், அதன் மேலேயே தட்டு. 1970இல் எஸ்.பி. 10 வந்தது, 1972இல் எஸ்.எல். 1200. 1979இல் வந்த எம்.கே. 2வில் வேகத்தைக் குவார்ட்ஸ் படிகம் கட்டிப்போடுகிறது. பட்டனை அழுத்தினால் 0.7 வினாடியில் முழு வேகம். நியூயார்க் டிஜேக்கள் இதைப் பிடித்துக்கொண்ட கதை எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

எனக்கு முக்கியம் அந்தக் குவார்ட்ஸ். ஊரில் சித்தப்பா வீட்டு பிளேயர் சாயங்காலமானால் சோர்ந்துபோகும். வோல்டேஜ் என்று கே.எஸ்.இ.பி.யைத் திட்டுவோம். வோல்டேஜ் மட்டும் காரணமில்லை. அந்த மாதிரி ஏசி மோட்டார் மின்சாரத்தின் ஹெர்ட்ஸை நம்பி ஓடுவது. 2003க்கு முன்னால் தென்னிந்திய கிரிட்டில் உச்ச நேரத்தில் 50 ஹெர்ட்ஸ் 48.5க்கு இறங்குவது சாதாரணம். 3 சதவீதம் குறைந்தால் ஸ்ருதி ஏறக்குறைய அரை ஸ்வரஸ்தானம் இறங்கும். எம்.டி. ராமநாதன் ஏற்கெனவே பாதாளத்தில் பாடுகிறவர். அவரை இன்னும் கீழே இறக்கினால் என்ன ஆகும்! சித்தப்பா தம்பூராவோடு சேர்த்துப் பார்த்துவிட்டு, "டேய், ஓடறது சரியில்லடா" என்பார்.

குவார்ட்ஸ் மெஷினுக்கு ஹெர்ட்ஸ் பற்றிக் கவலையே இல்லை. (ஜப்பானில் டோக்கியோ 50, ஒசாகா 60. ஒரே நாட்டில் இரண்டு கரண்ட்!) அப்படியானால் இது சொல்லிவைத்தாற்போல் நம்மூருக்குச் செய்த மெஷின். ஆனால் கரமனையிலோ சாலை பஜாரிலோ ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

காரணம் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். 1980இல் யேசுதாஸ் திருவனந்தபுரத்தில் தரங்கிணி ஆரம்பித்தார். எம்.கே. 2 வந்து ஒரே வருஷம். தரங்கிணி எல்பியும் போட்டது, ஆனால் ஓணப் பாட்டும் ஐயப்பன் பாட்டும் ஊரெல்லாம் போனது காசெட்டில்தான். காசெட் போட மெஷின்? கல்ஃபிலிருந்து வந்தவர்கள் தோளில் தொங்கிய நேஷனல் பானசோனிக் டூ இன் ஒன். அதைச் செய்ததும் அதே மட்சுஷிதா!

ஆக உலகத்தின் நல்ல டர்ன்டேபிளைச் செய்த கம்பெனியே எங்கள் ஊரில் தட்டுக்கு வேலையில்லாமல் செய்தது. தப்பு என்று சொல்ல மாட்டேன். லீவில் வருகிறவன் 12 கிலோ பெட்டியையா சுமந்து வருவான்? ரப்பரை இளக்கி, அட்டைகளில் பூஞ்சை பூக்க வைக்கும் அந்தப் புழுக்கத்தில் காசெட்தான் சுலபம். ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு எம்.டி.ஆர். சரியான ஸ்ருதியில் பாடிச் சித்தப்பா கேட்டதில்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

2010இல் 1200 வரிசையை நிறுத்தினார்கள். 2016இல் மறுபடி ஆரம்பித்தார்கள், விலையைக் கேட்டால் மயக்கம் வரும். என் பழசே போதும். போன லீவில் சித்தப்பாவின் தட்டுகளில் 14ஐ எடுத்து வந்து, பூஞ்சையைக் கழுவி வரிசையாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்பது ஆயிற்று.